ஐந்தாவது படத்தில் வைத்த விரல்

என் நாயைக் குண்டு என்று யாராவது சொன்னால் அவர்களோடு அன்றைக்கே பேச்சை முறித்துக்கொள்வேன் என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தி சொன்னாள். அவளோடு பேச்சு முறிந்தும் போனது. அவள் என் கூடப்பிறந்த தங்கை. இந்தக் கதையை இதுவரை நாலைந்து பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குச் சாதகமில்லாத இடங்களை விழுங்கிவிடுகிறேன். எழுதினால் விழுங்க முடியாது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். முகம் இப்போதே சுடுகிறது.

தீவுப் பக்கம், ஜெலுத்தோங்கில் ஒரு சந்தில் வரிசை வீடு எங்களுடையது. கணவர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள். ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனாள். அவள் போன அதே வருஷம், பாசார் சந்தையின் பின்பக்கத்தில் மீன்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரு நாய்க்குட்டியைக் கணவர் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்கு, நகம், வால்நுனி எல்லாம் கறுப்பு. தேடிப் பார்த்தாலும் ஒரு வெள்ளை முடி கிடைக்காது. அந்த நிறம்தான் பிற்பாடு அவனுக்கு வினையாக வந்தது.

கறுப்பு நாய்க்குச் சனிக்கிழமையில் சோறு வைத்தால் சனி பகவானின் பார்வை கொஞ்சம் தணியும் என்று எங்கள் பக்கத்தில் பலருக்கு நம்பிக்கை உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் நம்பிக்கை இருந்தால் போதுமா, நாய் கிடைக்க வேண்டுமே. சுற்றுவட்டாரத்தில் இருப்பதெல்லாம் செவலை, இல்லையென்றால் நெஞ்சில் வெள்ளைத் திட்டு உள்ளது. முழுக் கறுப்பு எங்கள் வீட்டில் மட்டும்தான். அதனால் ஏழரைச் சனி நடப்பவர்கள், அஷ்டமத்துச் சனி நடப்பவர்கள், நடக்கிறதா இல்லையா என்று சந்தேகம் உள்ளவர்கள் எல்லாரும் சனிக்கிழமை காலையில் எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எள்ளுச் சாதம், நெய் ஊற்றிய தயிர்ச் சாதம், உளுந்து வடை, ஒரு சமயம் முழு ரொட்டி சானாய் நாலு. மூன்று முறை வண்டி ஓட்டும் பரீட்சையில் தோற்ற ஒரு பெண் நாலாம் முறை தேறியதும் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். அதையும் சாப்பிட்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலையில் இருந்தபோது பெற்றோர்கள் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எனக்காக நின்றதில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் நின்றார்கள். “அக்கா, அவன் சாப்பிட்டானாக்கா, மிச்சம் வெச்சானா?” என்று பயபக்தியோடு கேட்பார்கள். “வழிச்சு நக்கிட்டான், கவலைப்படாம போ,” என்று நான் அருள்வாக்குச் சொல்லி அனுப்புவேன். கணவர் உள்ளே இருந்து, “தட்டுல கொஞ்சம் திருநீறும் வெச்சுக்கோ,” என்று கிண்டல் செய்வார்.

இதில் நாங்கள் செய்த தப்பு என்னவென்றால், சனிக்கிழமைச் சோற்றை நாங்கள் சாப்பாட்டில் சேர்க்கவே இல்லை. அது பரிகாரம். பரிகாரம் போக அவனுக்கு வழக்கமான மூன்று வேளையும் நடந்தது. காலையில் கணவரின் தட்டிலிருந்து பாதி தோசை, மத்தியானம் கோழித் தோலும் சோறும், சாயங்காலம் தேநீரில் நனைத்த பிஸ்கட். ‘இன்றைக்கு அவன் என்ன சாப்பிட்டான்’ என்று யாராவது சனிக்கிழமை மாலையில் கேட்டால், “பாவம், மத்தியானம் கொஞ்சம் சோறு சாப்பிட்டதுதான்,” என்று மனதாரச் சொல்லியிருப்பேன்.

அவன் சரியாக இருக்கிறானா என்று நாங்கள் பார்க்காமல் இல்லை. எங்கள் முறையில் பார்த்தோம். முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவேன். தலையணையைத் தட்டியது போலச் சத்தம் வந்தால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் பாசாரில் திரியும் நாய்களைப் பார்ப்பேன். அவற்றின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டு நாயைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். எலும்பு தெரிகிற நாய் என்றால் சோறு போடாத வீட்டு நாய், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. கழுத்துப் பட்டை கடைசி ஓட்டைக்கு வந்தபோது மழையில் நனைந்து தோல் சுருங்கிவிட்டது என்று முடிவு செய்து வேறு பட்டை வாங்கினோம். ஒருநாள் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறினார். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். தராசு கெட்டுவிட்டது என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சர்க்கரைக்காக அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுகிறவள் நான். நாயின் எடையை நேர்மையாகப் பார்த்திருப்பேனா.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. இரண்டரை மாதம் ஜொகூரில் இருக்க வேண்டியிருந்தது. கணவரும் வந்தார். நாயைத் தங்கை வீட்டில் விட்டோம். அவளும் அவள் கணவரும் கடலுக்கு அந்தப் பக்கம், பாகான் டாலாமில் இருக்கிறார்கள். தங்கை கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். கூட்டம் கூடினால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற மனிதர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று மூன்று எழுத்தில் எழுதிவிட்டேன். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி, எத்தனை தைப்பூசத்துக்குப் பால்குடம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதிக்கு மேல் நான்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி முறை டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனபோது அவள் என் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என் சேலையில் அந்த ஈரம் வீடு வரும்வரை இருந்தது. இதையெல்லாம் தெரிந்தவள் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜொகூருக்குப் போன இரண்டாவது வாரம் தங்கை போன் செய்தாள். குழந்தையைப் பற்றி விசாரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “அக்கா, இவன் கொஞ்சம் ஓவரா எடை போட்டிருக்கான்க்கா. படி ஏற மாட்டேங்கிறான். மூச்சு வாங்குது. டாக்டருகிட்ட காட்டட்டுமா?” என்றாள்.

“கண்ணு வெக்காத லா,” என்றேன். “அவன் எலும்பே பெருசு. எடம் புதுசு, அதான் சோர்ந்திருக்கான். நீ நேரத்துக்குச் சோறு போடு, போதும்.”

“அதுக்கில்லக்கா…” என்று ஆரம்பித்தாள். குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை.

திரும்பி வந்த மறுநாள் பாலத்தின் மேல் காரை விரட்டிக்கொண்டு போனோம். தங்கை வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. நாய் உள்ளேயிருந்து ஓடி வந்தான். ஓடி வந்தான் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. வருஷக்கணக்காக அவன் ஓடியதே இல்லை. நான் பார்த்தது வேறு. வயிறு ஒட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்வாங்கி இடுப்பு என்று ஒன்று தெரிந்தது. பட்டை கழுத்தில் தளர்ந்து தொங்கியது. கட்டிப்பிடித்துத் தடவினேன். கையில் எலும்பு தட்டியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“என்னடி செஞ்சு வெச்சிருக்க என் புள்ளைய? பட்டினியா போட்ட?”

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. “இல்லக்கா, டாக்டரு ஒரு அளவு சொன்னாங்க. அவரு தினமும் காலையில கடக்கரை வரைக்கும் நடக்கக் கூட்டிட்டுப் போவாரு. இப்ப பாரு, நல்லா…”

“நல்லாவா? எலும்பு கையில குத்துது, நல்லாங்கிற?”

கணவர் என் முழங்கையைப் பிடித்து, “போதும், வண்டியில போய்ப் பேசிக்கலாம்,” என்றார். உதறினேன். பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் சொன்னேன்.

“பெத்து வளர்த்தவளுக்குத்தான் பசின்னா என்னன்னு தெரியும். உனக்கு எங்க தெரியப் போவுது.”

இதுதான் நான் விழுங்கும் இடம். ‘கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்’ என்றுதான் மற்றவர்களிடம் சொல்வேன். ஏதோ இல்லை. எந்த வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்து, அதையே தேடி எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்த அந்த ஒரு நிமிஷம் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

தங்கை வாசலிலிருந்து திரும்பினாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தாள். “அவனோட சாமானெல்லாம் இதுல இருக்கு மாமா. போத்தல்ல தண்ணி வெச்சிருக்கேன், வழியில குடுங்க,” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறும்போது கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்தப் பையை நான் பிரிக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் எறிந்தேன். அன்றைக்கே கோழி வாங்கி, தோலோடு வேகவைத்து, நெய் விட்டுப் பிசைந்து போட்டேன். அவன் சாப்பிடச் சாப்பிட எனக்கு அழுகை வந்தது. எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறான் என்று தங்கையைத் திட்டிக்கொண்டே இன்னொரு பிடி போட்டேன். சனிக்கிழமை ஆட்களுக்கும் சொல்லி அனுப்பினேன். இரண்டரை மாதமாகப் பரிகாரம் தடைப்பட்டிருந்தவர்கள் அல்லவா, வட்டியும் முதலுமாக வந்து இறங்கினார்கள். வந்தவர்களிடமெல்லாம் தங்கை செய்த கொடுமையைச் சொன்னேன். “சொந்த அக்கா நாயையா,” என்று அவர்கள் உச்சுக்கொட்டும்போது எனக்கு இதமாக இருந்தது. நாலே மாதத்தில் அவன் பழையபடி ஆனான். பழையபடி என்பதுகூடச் சரியில்லை, அதைத் தாண்டிப் போனான். முதுகில் தட்டிப் பார்த்தேன். தலையணைச் சத்தம் வந்தது.

அந்த நாலு மாதமும் தங்கை போன் செய்யவில்லை. தீபாவளி வந்தது. ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே வந்து என்னோடு முறுக்குப் பிழிகிறவள் வரவில்லை. கணவர், “நீ ஒரு தடவ பேசினா கொறஞ்சா போயிருவ?” என்றார். “அவ செஞ்சதுக்கு அவதான் பேசணும்,” என்றேன். சொல்லிவிட்டு, முறுக்கு அச்சைத் தனியாக அழுத்த முடியாமல் பாதி மாவைத் தூக்கிக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில், பரிகாரச் சோறு முடிந்த கையோடு, அவன் வீட்டு வாசலில் உள்ள சின்ன லோங்காங்கைத் தாண்டப் போனான். ஒரு முழ அகலம்கூட இல்லாத சாக்கடை. தாண்டி விழுந்தவன் ஒரு சத்தம் போட்டான். அப்படி ஒரு சத்தத்தை அவனிடமிருந்து நான் கேட்டதே இல்லை. பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடியே நின்றான். கீழே வைக்கவில்லை. கணவரும், வடை கொண்டு வந்த ஆளும், நானுமாகச் சேர்ந்து அவனைக் காரில் ஏற்றினோம். கிளம்பும்போது தடுப்பூசிச் சீட்டு எங்கே என்று கணவர் தேடினார். தங்கை கொடுத்த பையில்தான் இருந்தது. பையோடு எடுத்துக்கொண்டார்.

கால்நடை டாக்டர் சீனப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மலாய்தான் பேசினாள். காலைப் பிடித்துப் பார்த்தாள், படம் எடுத்தாள். முழங்காலில் நரம்பு மாதிரி ஒன்று எலும்பைப் பிடித்து வைத்திருக்குமாம், அது அறுந்துவிட்டது என்றாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினாள். வரிசையாக ஒன்பது நாய்ப் படம். முதலாவது எலும்பும் தோலுமாக இருந்தது. போகப் போகப் பெருத்து, ஒன்பதாவது பீப்பாய் போல இருந்தது. “உங்கள் நாய் இதில் எது?” என்று கேட்டாள்.

இது என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டே ஐந்தாவது படத்தில் விரலை வைத்தேன். சரியாக நடுவில். கணவர் கொஞ்சம் யோசித்து, ஆறாவதில் வைத்தார். அவர் என்னைவிட நேர்மையானவர் என்பதற்கு ஒரு படம்தான் வித்தியாசம். டாக்டர் சிரிக்கவில்லை. “வருகிறவர்கள் பெரும்பாலும் நடுவில்தான் வைப்பார்கள் ஆண்ட்டி,” என்று சொல்லிவிட்டு ஒன்பதாவதில் விரலை வைத்தாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முடி அடர்த்தி, எலும்பு பெரிசு, ஆண்மை நீக்கியது, இன்றைக்குச் சனிக்கிழமை அதனால் வயிறு நிறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் இடது கையை நீட்டச் சொன்னாள். “விரலை மடக்குங்கள். இப்போது மடக்கிய முட்டியின் மேல் தடவுங்கள். விலா எலும்பு இப்படித் தட்டினால் நாய் ரொம்ப மெலிவு. இப்போது கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறதா? அப்படித்தான் இருக்க வேண்டும். இப்போது கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவுங்கள்.” தடவினேன். “இப்போது அவனைத் தொட்டுப் பாருங்கள்,” என்றாள்.

தொட்டேன். உள்ளங்கையைத் தொட்டது போலக்கூட இல்லை. விரலை அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன், எலும்பு எங்கேயோ அடியில் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டினான். அந்த நேரத்தில் எனக்குப் பாகான் டாலாம் வாசல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவனைத் தடவியபோது என் கையில் தட்டிய எலும்பு எப்படி இருந்தது என்று விரலுக்கு நினைவிருந்தது. என் புறங்கையை இன்னொரு முறை தடவிப் பார்த்தேன். அதேதான். அச்சாக அதேதான்.

அதற்குள் டாக்டர் பையிலிருந்து தடுப்பூசிச் சீட்டோடு இன்னொரு அட்டையையும் எடுத்திருந்தாள். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு கால்நடை கிளினிக்கின் அட்டை. வாரத்துக்கு ஒரு வரியாக எடை எழுதியிருந்தது. இருபத்தேழில் ஆரம்பித்து, கால் கிலோ, அரைக் கிலோ என்று இறங்கி இருபத்துமூன்றில் வந்து நின்றது. ஒரு பிளாஸ்டிக் குவளையும் பையில் இருந்தது. பாதி உயரத்தில் கறுப்பு மையால் கோடு போட்டு, ‘இதுக்கு மேல வேணாம்’ என்று தங்கையின் கையெழுத்து. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு முதல் முறையாக முகம் மலர்ந்தாள். “இவ்வளவு அழகாகக் குறைத்திருக்கிறீர்களே ஆண்ட்டி. அவசரப்படாமல், சரியான வேகத்தில். எல்லாராலும் முடியாது. அப்புறம் என்ன ஆச்சு?”

என்னைப் பாராட்டுகிறாள். ‘அது நான் இல்லை’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பாராட்டு ஒரு நொடி என் மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். கணவர்தான் சொன்னார். “நாங்க இல்ல டாக்டர். என் மச்சினிச்சி. நல்லா ஆக்கித்தான் குடுத்தாங்க.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. வீடு வரும்வரையும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

காலுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, முதலில் எடை இறங்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து குவளைக் கோடுதான் அளவு. அடுத்த சனிக்கிழமை வந்தவர்களைக் கேட்டில் நிறுத்தினேன். “இனிமே வேணாம். அவனுக்கு ஒடம்பு சரியில்ல.” “ஒரே ஒரு வடைதான்க்கா. எட்டுல சனி எனக்கு,” என்றார் ஒருவர். “உன் சனிய அவன் தலையில கட்டாத,” என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனார். சொன்ன பிறகுதான் உறைத்தது. கேட்டைத் திறந்துவைத்து அத்தனை பேர் சனியையும் அவன் தலையில் கட்டியது நான்தான்.

தங்கையிடம் போக மூன்று வாரம் ஆனது. நாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். மழை என்று தள்ளிப்போட்டேன். கணவர், “நான் இருக்கேன், நீ போ,” என்று ஒருநாள் என் கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்தார். ஃபெரியில் போனேன். இப்போது ஓடுவது கார் ஏற்றாத சின்ன ஃபெரி, கடல் காற்றுக்குப் பதில் ஏர்கான். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேன்.

தங்கை கதவைத் திறந்தாள். “வாக்கா,” என்றாள். உட்காரச் சொன்னாள், தேநீர் போட்டாள். அவள் கணவர் வந்து தலையாட்டிவிட்டு, “நடக்குறானாக்கா?” என்று நாயைப் பற்றி மட்டும் கேட்டார். நொண்டுகிறான் என்றேன். முகம் வாடி, பின்பக்கம் போய்விட்டார். நான் பேச ஆரம்பித்தேன். லோங்காங், முழங்கால், ஒன்பது படம், ஐந்தாவதில் வைத்த விரல், புறங்கை, அட்டை, குவளை எல்லாம் சொன்னேன். “நீதான் சரி. நீ போன்ல சொன்னப்பவே கேட்டிருக்கணும். உன் பேச்சக் கேட்டிருந்தா அவனுக்குக் கால் போயிருக்காது. என் மேலதான் தப்பு,” என்றேன். கையெடுத்துக்கூடக் கும்பிட்டேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது, எவ்வளவு இறங்கிப் பேசுகிறேன் என்று.

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல. பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு, “பரவால்லக்கா,” என்றாள்.

அந்த வார்த்தை கிடைத்ததும் எழுந்துவிட்டேன். வந்த வேலை முடிந்தது என்று கிராப் வாடகைக் காரைக் கூப்பிட்டு ஏறிவிட்டேன். ஃபெரி முனையில் கூட்டம் இல்லை. பயண அட்டையைத் தட்டி உள்ளே போய், ஃபெரிக்குக் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்தேன். கதவு திறந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிள்காரர்களும் ஏறினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் நாய்க்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். எலும்பு, எடை, குவளை என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். வாசலில் வைத்து அவளைச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அதன் பக்கம் போகாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு பேசினேன். ஃபெரி போய்விட்டது. வெளியே வந்து இன்னொரு கார் பிடித்தேன்.

இந்த முறை கதவைத் திறந்தது அவள் கணவர். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “தம்பி, அன்னைக்கு நாயக் கூட்டிட்டுப் போறப்ப நான் ஒரு பேச்சுப் பேசினேன்…” என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

“கேட்டுச்சுக்கா,” என்றார். “நான் பின்னால அவனுக்கு கேரட்டு நறுக்கிக்கிட்டு இருந்தேன்.”

அவர் இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. அந்தப் பேச்சு அவரையும் சேர்த்ததுதான் என்பதும் தோன்றவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். “என்கிட்ட வேணாம்க்கா. உள்ள போயி அவகிட்ட சொல்லுங்க. நீங்க கார்ல ஏறுனதுலருந்து அழுதுகிட்டு இருக்கா.” கிரில்லைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.

அவள் அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் நிற்பது தெரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஃபெரிய விட்டுட்டியாக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். வாசலில் சொன்ன அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லி, “இது நான் சொல்லியிருக்கவே கூடாது. தெரிஞ்சேதான் சொன்னேன். உனக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன்,” என்றேன். அவள் கைமேல் என் கையை வைத்தேன்; அவள் அதைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. இந்த முறை அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை.